பறங்கிமலையும் பறங்கிக்காயும்: அயலுணவு தமிழர் அடுக்களை புகுந்த வரலாறு

சென்னை மாநகரின் தென்புறத்தே, கீழ்க்கட்டளைக்கும் மேடவாக்கத்துக்கும் இடையே அமைந்துள்ளது கோவிலம்பாக்கம். முன்னர் ஏரியையும் வயலையும் சார்ந்த சிற்றூராய் இருந்த அவ்வூர், கடந்த சில பத்தாண்டுகளில், தமிழகத்தின் பல மாவட்டத்தாரும் பிற மாநிலத்தாரும் வந்து குடியேறிய புறநகராக வளர்ந்துவிட்டது. ஆட்சி முறையில் அது நெடுங்காலம் புனித தோமையார்மலை ஊராட்சி ஒன்றியத்தைச் சார்ந்து வந்தது. அம்மலையை மக்கள் பறங்கிமலை என்றே வழங்குவர். அவ்வூர்க் காய்கறிக் கடைகளிலோ பறங்கிக்காய் கீற்றுக் கீற்றாக அரிந்து விற்கப்படுகிறது. மலைக்கும் காய்க்கும் அடையாக நிற்கும் சொல் ஒன்றே. மலையைப் பறங்கியரோடு சேர்த்து எண்ணுவோர், காயை அங்ஙனம் எண்ணுவதில்லை. அது நம் பாட்டியர் சமைத்த காய். எனவே நம் காய் என்பதே பொதுமக்கள் கருத்து. இக்கருத்து எங்ஙனம் உருவாயிற்று, பிற நாட்டுப் பொருள் ஒன்று தமிழர் அடுக்களையில் உரிமை பெறும் முறை யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு ஒரு தேவை உண்டு. தமிழர் உணவைப் பற்றிப் பேசுவோர் இருசாரார் ஆவர். ஒரு சாரார், தமிழர் உணவு தொன்றுதொட்டு மாறாதது என்றும், அயல்நாட்டுப் பண்டங்கள் இக்காலத்தேதான் புகுந்து அதனைக் கெடுத்தன என்றும் கூறுவர். மற்றொரு சாரார், மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் நம்முடையன அல்ல ஆதலின், தமிழர் உணவு என்று தனித்துச் சுட்டத்தக்கது ஒன்றுமில்லை என்பர். முன்னவர் வரலாற்றை மறந்தனர். பின்னவர் மொழியை மறந்தனர். வந்த பொருளைக் கணக்கிடுதல் மட்டும் போதாது; வந்த பொருளை வீட்டார் எப்பெயரிட்டு, எவ்வகைச் சமையலில் சேர்த்துக் கொண்டனர் என்பதையும் காணல் வேண்டும். அடுக்களைச் சொற்களே அதற்குத் தக்க சான்றாகும்.

1. பழஞ்சான்றுகள்

அயலுணவை வரவேற்றல் தமிழர்க்குப் புதிதன்று. புறநானூற்றில் அதியமான் நெடுமானஞ்சியைப் பாடும் ஒளவையார், அவன் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தமையை அவர்தம் பெருமைகளுள் ஒன்றாக வைத்துப் போற்றுகிறார் (99). அவன் மகனைப் பாடிய பாட்டிலும் (392) அச்செய்தி மீண்டும் வருகிறது. ஒரு குடியின் புகழைச் சொல்லுமிடத்து, வேற்றிடத்துப் பயிர் ஒன்றைக் கொண்டு வந்து நட்டமை வெற்றிகளுக்கு நிகராகக் கூறப்பட்டிருத்தல் கருதத்தக்கது. பிற நிலத்து உணவு இழிவு எனும் எண்ணம் அன்று இருந்திருப்பின், இப்புகழ்ச்சிக்கு இடமில்லை.

யவனர் கலத்தில் வந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகுதலை நக்கீரர் பாடியுள்ளார் (புறம். 56). பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பொருள்களுள் ஈழத்திலிருந்து வந்த உணவையும் எண்ணுகிறது. இலக்கியம் கூறும் இச்செய்திக்கு அகழாய்வும் துணை நிற்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் நடுநிலக்கடல் நாட்டு இருகைச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றைப் பின்னர் ஆராய்ந்தோர், மதுவேயன்றி ஒலிவ எண்ணெயும் மீன்சாறும் அடைத்து வந்த சாடிகளும் அவற்றுள் உண்டு எனக் கண்டனர்.

வந்தது போலவே சென்றதும் உண்டு. முசிறியில் யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டமையை அகநானூறு (149) காட்டும். அப்பாட்டில் மிளகைக் குறிக்கும் சொல் ‘கறி’ என்பதாகும். அச்சொல் பிற்காலத்தில் காரமிட்டுச் சமைத்த காய்க்கும் ஊனுக்கும் பெயராயிற்று; அதன்பின் ஐரோப்பியர் வாயிலாக உலகெங்கும் பரவியது. இன்று அயல்நாட்டார் ‘கறி’ எனும்போது மிளகை நினைப்பதில்லை, தமிழரும் நினைப்பதில்லை. பொருள் மாறினும் சொல் வாழும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

2. பறங்கியர் வரவு

பறங்கி என்பது ‘பிராங்கு’ எனும் ஐரோப்பிய இனப்பெயர், அரபு பாரசீக மொழிகளின் வழியாகத் திரிந்து வந்த வடிவம். ஐரோப்பியர் அனைவரையும், சிறப்பாகப் போர்த்துகீசியரையும் அது குறித்தது. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த பின்னர், 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே போர்த்துகீசியர் மயிலாப்பூரில் குடியேறினர். பறங்கிமலையின் உச்சியில் கோவிலும் எழுப்பினர். கோவிலம்பாக்கத்திற்குச் சில கல் தொலைவிலேயே, அமெரிக்கக் கண்டத்துப் பயிர்களை அறிந்த மக்கள் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே வாழ்ந்தனர் என்பது இதனால் பெறப்படும்.

மிளகாய், முந்திரி, அன்னாசி, பப்பாளி, கொய்யா, சீத்தா, மரவள்ளி, நிலக்கடலை, மக்காச்சோளம், பறங்கி, தக்காளி, உருளைக்கிழங்கு ஆகிய யாவும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. இவை ஒரே நாளில் வந்தன அல்ல; ஒரே கையால் வந்தனவும் அல்ல. சில போர்த்துகீசியரால் வந்தன. சில ஆங்கிலேயர் காலத்தில் பரவின. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி சென்று, பின்னர் அங்கே ஐரோப்பியக் காய்கறிகளையும் உருளைக்கிழங்கையும் பயிர்செய்வித்தார். காரட்டு, பீட்ரூட்டு, முட்டைக்கோசு முதலியவற்றைச் சந்தையில் ‘இங்கிலீஷ் காய்’ என்றும், கத்தரி, வெண்டை, அவரை முதலியவற்றை ‘நாட்டுக்காய்’ என்றும் வணிகர் இன்றும் பிரித்து வழங்குவர். இப்பிரிவில் பறங்கிக்காய் நாட்டுக்காயோடு சேர்க்கப்படுகிறது! அயன்மையைப் பெயரிலேயே தாங்கிய காய், வந்து நெடுங்காலம் ஆனமையால் உள்நாட்டுக் காயாயிற்று. அயன்மை என்பது பிறப்பைப் பொறுத்ததன்று, கால அளவைப் பொறுத்தது என்பது சந்தையாரின் இலக்கணம் போலும்.

3. பெயரிட்ட முறை

புதுப்பொருள்களுக்குத் தமிழ் மக்கள் பெயரிட்ட முறை நால்வகைப்படும்.

முதலாவது, அறிந்த பொருளொடு ஒப்பிட்டோ வடிவு நோக்கியோ இட்ட பெயர். மிளகு போலும் உறைப்புடைய காய் மிளகாய் ஆயிற்று. உருண்டை வடிவுடைய கிழங்கு உருளைக்கிழங்கு ஆயிற்று. கடலை போன்று நிலத்தினுள் விளைவது நிலக்கடலை. வேரிடத்துக் காண்பது வேர்க்கடலை.

இரண்டாவது, கொணர்ந்தோர் பெயராலோ ஊர்ப்பெயராலோ அமைந்தது. பறங்கிக்காய், மணிலாக்கொட்டை, மக்காச்சோளம், சீனி என்பன இவ்வகையின. ‘சீமை’ எனும் அடையும் இதன்பாற்படும். கஞ்சம் மாவட்டத்து அஸ்கா எனும் ஊரின் ஆலையிலிருந்து வந்த வெண்சர்க்கரையை ‘அஸ்கா’ என்றே முன்னாளில் வழங்கினர்.

மூன்றாவது, அயற்சொல்லையே தமிழ் ஒலிக்கு இயைய வழங்கியது. அன்னாசி, பப்பாளி, கொய்யா என்பன அமெரிக்கப் பழங்குடியினர் மொழிகளில் பிறந்து, போர்த்துகீசிய மொழி வாயிலாக வந்தன என அறிஞர் கொள்வர். காப்பி, பிஸ்கோத்து முதலியனவும் இவ்வகையின.

நான்காவது, பழம்பெயரைப் புதுப்பொருட்கு ஏற்றியது. தக்காளி என்பது முன்னர் நம் நாட்டுச் சிறுசெடியொன்றின் பெயர். மணத்தக்காளியில் அப்பழம் வழக்கு இன்றும் எஞ்சியுள்ளது. புதிதாய் வந்த பழம் முதலில் ‘சீமைத் தக்காளி’ எனப்பட்டு, பின்னர் அடையை உதறித் தானே தக்காளியாயிற்று. முந்திரி எனும் சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. முந்திரிகை என்பது கொடியில் பழுக்கும் திராட்சையின் பெயர். தமிழகத்தில் அப்பெயர் அமெரிக்க மரத்தின் கொட்டைக்கு உரியதாகிவிட, ஈழத்திலோ முந்திரிகை இன்றும் திராட்சையையே குறிக்கும். கொட்டை தரும் மரம் அங்கு ‘மரமுந்திரிகை’ எனப்படும். மலையாளத்தார் அம்மரத்தைப் பறங்கிமாவு என்பர். ஒரு மரத்தை மூன்று நிலத்தார் மூவகையாக நோக்கினர் என்பது இதனால் விளங்கும்.

தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். திசைச்சொல்லுக்கு இடந்தந்த அவ்விலக்கண மரபு, அடுக்களையிலும் நடைமுறையாய் இருந்தது எனலாம். ஆயின் அடுக்களையில் பெயரிட்டோர் புலவர் அல்லர். பெரும்பாலும் பெண்டிரும் உழவரும் சிறுவணிகருமே. காப்பிக்குக் ‘குளம்பி’ எனப் பிற்காலத்தார் ஆக்கிய சொல் நூலளவில் நின்றது; மிளகாய் எனும் சொல்லோ, ஆக்கியவர் யாரென அறியாமலே நாடெங்கும் நிலைபெற்றது. வழங்குவோர் வாயில் பிறந்த சொல்லுக்கும், வழங்குவோர்க்கென ஆக்கப்பட்ட சொல்லுக்கும் உள்ள வேறுபாடு இது.

4. பெயர்ச்சான்றின் எல்லை

பெயரையே நம்பி வரலாறு எழுதுதல் இடர் பயக்கும். மக்காச்சோளம் மக்கா நகரத்துப் பயிரன்று. மணிலாக்கொட்டை பிலிப்பைன்சில் தோன்றியதன்று. அது தென் அமெரிக்கப் பயிர். ‘பெங்களூர்க் கத்தரிக்காய்’ என்றும் ‘சௌசௌ’ என்றும் நாம் வழங்கும் காய் மெக்சிகோவைச் சார்ந்த நிலத்தது. பெங்களூரினதும் அன்று, கத்தரியும் அன்று. ஆகவே, உணவுப்பெயரில் வரும் ஊர் அதன் பிறப்பிடத்தைச் சுட்டுவதன்று. நமக்கு அது வந்தடைந்த வாயிலை, அல்லது வந்ததாக மக்கள் எண்ணிய வாயிலைச் சுட்டுவது என்க. அகராதி தொகுப்போர் இதனை மனத்திற் கொள்ளுதல் நலம்.

பெயர் காட்டாததைச் சடங்கு காட்டுதலும் உண்டு. பழைய முறை வழுவாத குடும்பங்களில் நீத்தார் நாளுக்குரிய சமையலில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு முதலியவற்றைச் சேர்ப்பதில்லை. உறைப்பிற்கு மிளகே இடுவர். கோவில் மடைப்பள்ளிகள் பலவற்றிலும் இவ்வழக்கம் உண்டு. அன்றாட அடுக்களை ஏற்றுக்கொண்டதை முன்னோர்க்குரிய அடுக்களை ஏற்கவில்லை. பறங்கியர் வருமுன் இருந்த சமையலின் சுவடு, ஏட்டில் அன்றி, ஆண்டிற்கொருநாள் சமைக்கும் சமையலில் காக்கப்பட்டு வருகிறது. இச்சமையலறிந்த முதியோரிடம் கேட்டு எழுதப்படும் பட்டியல் ஒவ்வொன்றும் வரலாற்று ஆவணமே ஆகும்.

5. பசி திறந்த வாயில்

அயலுணவு வாணிகத்தாலும் ஆட்சியாலும் மட்டும் வரவில்லை, பசியாலும் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வருத்திய பெரும்பஞ்சத்தைத் ‘தாது வருடப் பஞ்சம்’ என மக்கள் நினைவிற் கொண்டனர். அதனை அடுத்து, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர், அரிசிக்கு மாற்றாக மரவள்ளிக்கிழங்கைப் பயிரிட மக்களை ஊக்கினார். இன்று குமரி மாவட்டத்தில் மரவள்ளியும் மீன்குழம்பும் விருப்புடன் உண்ணும் உணவு. அவ்விருப்பின் அடியில் ஒரு பஞ்சத்தின் நினைவு கிடக்கிறது.

1942-இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீட்டுக் கடைகளின் வழியாகக் கோதுமை, அரிசியுண்ணும் இல்லங்களில் புகுந்தது. 1956-இல் அமெரிக்காவுடன் செய்த உடன்பாட்டின்படி அந்நாட்டுக் கோதுமை பேரளவில் வந்தது. 1960-களில் பள்ளி மதிய உணவுக்கு அமெரிக்க உதவி நிறுவனமான கேர் வாயிலாகப் பால்தூள் முதலிய பொருள்கள் வந்தன. கோதுமை வந்தபோது தமிழ்ப்பெண்டிர் அதனை ரொட்டியாக மட்டும் செய்திலர். உடைத்து உப்புமாவும் கஞ்சியும் ஆக்கினர். வறுமைக்கு வந்த தானியம் வழக்கமான உருவிற்கு மாறியபின்னரே உண்ணத்தக்கதாயிற்று.

மக்கள் இடம்பெயர்ந்தமையாலும் உணவு வந்தது. 1962-இல் பர்மாவில் படையாட்சி ஏற்பட்டபின், பல தலைமுறையாக அங்கு வாழ்ந்த தமிழர் உடைமை இழந்து திரும்பினர். அவர் கொணர்ந்தவற்றுள் பறிக்கவியலாதது சமையலறிவு ஒன்றே. சென்னைக் கடற்கரை நிலையத்தை அடுத்த தெருக்களில் விற்கும் அத்தோவும் மொயிங்காவும் அவ்வறிவின் விளைவு. அவற்றைச் சுவைக்கும் இளைஞர் பலர் அதனைப் புதுமைப் பண்டம் என எண்ணுவர்; உண்மையில் அது அகதியான மக்களின் வீட்டுச் சமையல்.

6. இனிப்பும் பருகுவனவும்

இனிப்புகளில் கடற்கரையூர்கள் சிறந்த சான்று தருகின்றன. கீழக்கரையில் செய்யப்படும் ‘தொதல்’ மலாய் நாட்டுச் சொல்லும் பண்டமும் ஆகும். அரிசிமாவு, தேங்காய்ப்பால், வெல்லம் ஆகிய மூன்றும் இரு கரையிலும் விளைந்தமையால், அப்பண்டம் கடல் கடந்தும் தன் உருக்குலையவில்லை. தூத்துக்குடி மக்ரூன் இதனின் வேறானது. ஐரோப்பாவில் வாதுமைப் பருப்பும் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் கொண்டு செய்த பண்டம், தூத்துக்குடியில் வாதுமைக்கு மாற்றாக முந்திரியைப் பெற்றது. ஐரோப்பியப் பெயர், அமெரிக்கக் கொட்டை, தமிழர் கைவினை ஆகிய மூன்றும் ஒரு சிறு கூம்பினுள் அடங்கின. திருநெல்வேலிக்குப் பெருமை சேர்க்கும் அல்வாவின் பெயரும் அரபு மொழியினதே.

பறங்கிமலைப் படைவீட்டைச் சூழ வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர் இல்லங்களிலோ, கிறித்துமசு நாளில் குல்குல்லும் ரோஸ் குக்கியும் செய்வர். ரோஸ் குக்கி எனப்படுவது நம் அச்சு முறுக்கே. ஒரே அச்சு, ஒரே எண்ணெய்ச் சட்டி, இரு பெயர்.

பருகுவனவற்றுள், நன்னாரி வேர் தமிழ்நாட்டது. அதனோடு சேர்ந்த ‘சர்பத்து’ அரபுச் சொல். மதுரை ஜிகர்தண்டா பெயரால் உருது. வழக்கால் மதுரைக்கே உரியது. 1870-களில் இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பார், கண்ணாடி உருண்டையால் வாயடைக்கும் புட்டியை அமைத்தார். அவ்வுருண்டையில் நம் சிறுவர் விளையாடும் கோலியைக் கண்ட மக்கள் ‘கோலிசோடா’ என்றனர். இங்கும் ஒப்பிட்டுப் பெயரிடும் முறையே காண்கிறோம்.

எதிர்த்திசையில், தமிழர் இல்லத்து மிளகுத்தண்ணீர் ‘முல்லிகட்டானி’ என்று திரிந்து, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலத்தில் இடம்பெற்றது. ‘வைவர்ன்’ எனும் புனைபெயர் பூண்ட படைத்தலைவர் கென்னி-ஹெர்பர்ட், சென்னை வாழ் ஆங்கிலேயர்க்கென 1878-இல் வெளியிட்ட சமையல் நூலில், அச்சொல்லின் தமிழ்மூலத்தை எடுத்துக் காட்டியுள்ளார். தமிழ்ச் சமையற்காரர் ஆக்கித்தந்த உணவை ஆங்கிலேயர் எழுதி வைத்தனர். ஆக்கியவர் பெயர் எழுதப்படவில்லை.

7. இன்றைய அடுக்களை

இனிக் கோவிலம்பாக்கத்திற்கு மீள்வோம். அங்குள்ள கடைகளில் இன்று பாஸ்தா, நூடுல்ஸ், ஓட்ஸ், பாலாடைக்கட்டி முதலியன பருப்பிற்கும் புளிக்கும் அருகே அடுக்கப்பட்டுள்ளன. மிளகாய்க்கு நேர்ந்தது போன்ற தமிழ்ப்பெயர் இவற்றிற்கு அமையவில்லை. அச்சிட்ட உறையோடு பொருள் வருதலின், பெயரும் உறையின்மீதே வருகிறது. வீட்டார் பெயரிடும் நிலை தோன்றுமுன்னரே விளம்பரம் பெயரிட்டுவிடுகிறது. பெயரிடும் ஆற்றல் அடுக்களையை விட்டு அகன்றது என வருந்துவோர் கூற்றில் உண்மை உண்டு.

ஆயினும் முழு உண்மை அதுவன்று. வீடுகளில் வழங்கும் ஓட்ஸ் கஞ்சி, ரொட்டி உப்புமா, காரட் அல்வா, பீட்ரூட் பொரியல், சேமியாப் பாயசம் முதலிய தொடர்களை நோக்குக. பொன்னாலாகிய குடம் பொற்குடம் ஆயினாற்போல, ஓட்ஸாலாகிய கஞ்சி ஓட்ஸ் கஞ்சி ஆயிற்று. இத்தொகைகளில் முன்மொழி அடையாய் நிற்பது. பொருட்சிறப்பு பின்மொழியில் உள்ளது. முன்மொழி மாறிக்கொண்டே வருகிறது. கஞ்சி, பொரியல், கூட்டு, துவையல், பாயசம் எனும் பின்மொழிகள் நிலைத்து நிற்கின்றன. தமிழர் உணவின் தனித்தன்மை விளைபொருளில் இல்லை. வேகவைத்தல், வதக்கல், தாளித்தல், அரைத்தல் எனும் தொழிலிலும், அத்தொழிலால் பெறும் பெயரிலும் உள்ளது. இதுவே முற்கூறிய இருசாரார்க்கும் யாம் கூறும் விடை.

எனவே அஞ்சத்தக்கது அயற்பொருளின் வருகையன்று; பின்மொழிகள் மறைதலே. உப்புமாவாக மாறாமல் உறையிற் கண்டவாறே உண்ணப்படும் பண்டம் மிகுமாயின், வழங்காத வினைச்சொற்கள் மறையும். அவற்றோடு கைப்பழக்கமும் மறையும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், வாணிகம், ஆட்சி, பசி, இடப்பெயர்ச்சி எனும் நான்கு வாயில்களால் அயலுணவு தமிழகம் புகுந்தது என்பதும், ஒவ்வொரு வாயிலும் தன் தடத்தைச் சொல்லில் விட்டுச் சென்றது என்பதும், தொழிற்பெயர்களே அடுக்களையின் உயிர் என்பதும் போதரும்.

செய்யவேண்டிய பணி ஒன்று எஞ்சியுள்ளது. 1951-இல் மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ வெளிவந்தபின் அச்சிட்ட சமையல் நூல்கள் பெருகின. ஆயின் இல்லங்களில் பெண்டிர் கைப்பட எழுதிவைத்த குறிப்பேடுகள் எண்ணெய்க்கறை படிந்த தாள்களாய், வீடு மாறுந்தோறும் பழந்தாள் கடைக்குப் போகின்றன. கோவிலம்பாக்கம் போன்ற புறநகர்களில், நெல்லையின் குறிப்பேடும் தஞ்சையின் குறிப்பேடும் பர்மாவிலிருந்து மீண்டோர் நினைவும் ஒரே தெருவில் கிடைத்தல் கூடும். ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர்தோறும் நடந்த பெரியோர் மரபில் வந்த தமிழ்த்துறை மாணவர், இக்குறிப்பேடுகளையும் படியெடுத்து, அவற்றிலுள்ள சொற்களை ஊரும் காலமும் சுட்டித் தொகுப்பாராயின், அகராதிக்கும் வரலாற்றுக்கும் ஒருங்கே பயன் விளையும். கரும்பு கொணர்ந்தவனைப் பாடிய மொழி, மிளகாய்க்குப் பெயரிட்ட பெண்ணை மறத்தல் தகாது.